யாரது, வைஃபையில்?

துப்பறிய ஆள் தேடி வருகிறவர்களில் கலாதேவிக்கு இரண்டு ரகம் தெரியும். என்ன நடந்தது என்று தெரியாமல் வருகிறவர்கள் ஒரு ரகம். என்ன நடந்தது என்று தாங்களே முடிவு செய்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட மட்டும் ஆள் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். ஈப்போ நகரின் கேனிங் கார்டன் பகுதி வீட்டுக் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த முகுந்தன் இரண்டாவது ரகம். 'வாங்க' என்று சொல்லுவதற்குப் பதில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததிலேயே அது தெரிந்துபோனது.

கலாதேவி இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்தே நாற்பதைத் தாண்டியவள். எரிந்த கடையையும் காணாமல் போன நகையையும் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த மரியாதை மெலிந்துவிட்டது. இப்போது ஈப்போ பழைய டவுனில் ஒரு கோப்பிக் கடைக்கு மேலே சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறாள். உதவிக்கு அர்ச்சுனன். ஒரு காலத்தில் கம்பம் ஏறி இணையக் கம்பி இழுத்தவன். வயிறு பெருத்து ஏணி மறுத்த பிறகு அவளிடம் வந்து சேர்ந்தான்.

"வாசல்ல பையைப் பாத்தீங்களா?" என்றார் முகுந்தன்.

பார்த்திருந்தார்கள். பூப்போட்ட துணிப்பை, கழுத்து இறுகக் கட்டியது.

"வேலைக்காரியோடது. கட்டி வைக்கச் சொல்லிட்டேன். வீட்டு வைஃபைல தெரியாத கருவி ஒண்ணு சேந்திருக்கு, அது அவ வேலதான். உங்க ரிப்போர்ட் கைக்கு வந்ததும் போலீஸ்ல குடுத்திடுவேன். இன்னைக்கே முடியணும். நாளைக்கு எனக்குக் கோர்ட் இருக்கு."

அவர் கோலாலம்பூரில் பெயர் பெற்ற வக்கீல். இந்த வீட்டில் இருப்பவர் அவருடைய அம்மா புனிதவதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். கூட இருந்து குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, இரவில் அதே அறையில் பாய் விரித்துப் படுப்பவர் செல்லாயி. சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, லயத்து வீடுகளோடு சேர்த்து வெளியே தள்ளப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. இதில் எதையும் முகுந்தன் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்த வீட்டில் இருந்தது 'அம்மா', 'வேலைக்காரி' என்ற இரண்டு சொற்கள்தான். மற்றதையெல்லாம் கலாதேவி வரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

அர்ச்சுனன் மடிக்கணினியைத் திறந்து, வீட்டு வைஃபையில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தை விரித்தான்.

"இது டிவி. இது சார் ஃபோன். சார் லேப்டாப். அம்மாவோட டேப்லெட். இது பிரிண்டரு, மை இல்லன்னு பாவம் அழுதுக்கிட்டு இருக்கு. இந்தா, இவருதான் நம்ம ஆளு. பேரும் இல்ல ஊரும் இல்ல. வெறும் நம்பரு."

"நம்பரை வச்சு எதுவும் சொல்ல முடியாதா?" என்றாள் கலாதேவி.

"முதல் பாதியில செஞ்ச கம்பெனி தெரியும்க்கா. அதாவது தகப்பன் பேரு. இந்தத் தகப்பன் மலிவு சிப்பு செய்யறவரு. பல்பு, பிளக்கு, குட்டிக் கேமரா, எல்லாத்துக்குள்ளயும் இவரு சிப்புதான். ஊரு பூராப் புள்ளைங்க. எந்தப் புள்ளைன்னுதான் தெரியல."

முகுந்தன் சிரிக்கவில்லை. "ஒட்டுக் கேக்கிற கருவிதான். சந்தேகமே வேணாம். அம்மா பேசறதை அவ வெளிய விக்கிறா. இந்த மாதிரி ஆளுங்க எதுக்கும் துணிவாங்க."

"செல்லாயிக்கு இந்த வைஃபையைக் குடுத்திருக்கீங்களா சார்?"

ஈக்கு நாற்காலி போட்டீர்களா என்று கேட்டுவிட்டதைப் போல முகுந்தன் அவளைப் பார்த்தார். "வேலைக்காரிக்கு எதுக்கு வைஃபை? கேக்கத்தான் செஞ்சா. கேட்டதுமே நான் பாஸ்வர்டை மாத்திட்டேன். எங்கயும் எழுதி வைக்கல. அம்மாவுக்கே தெரியாது, டேப்லெட்டை வாங்கி நானே போட்டுக் குடுத்தேன். இப்ப உங்க ஆளுக்கும் நானேதான் அடிச்சுக் குடுத்தேன், பாத்தீங்கல்ல? இந்த மாதிரி ஆளுங்க இருக்கிற வீட்டுல அப்படித்தான் இருக்கணும்."

கலாதேவியின் அப்பா செமோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அர்ச்சுனனின் அம்மாவும் அப்படியே. 'இந்த மாதிரி ஆளுங்க' இரண்டு பேர் தமது சோபாவிலேயே உட்கார்ந்திருப்பது முகுந்தனுக்கு உறைக்கவில்லை. கலாதேவி உறைக்கவைக்கவும் முயலவில்லை. இப்படிப்பட்டவர்களை வெட்டிப் பேசினால் வாயை மூடிக்கொள்வார்கள். பேச விட்டால்தான் உபயோகம்.

முகுந்தன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கோலா கங்சார்ல ஒரு பழைய கிளாஸ்மேட்டோட மக்கான், சாப்பிட்டுட்டு வந்துடறேன். நீங்க வேலையப் பாருங்க. வேலைக்காரி ரூமை முதல்ல பாருங்க."

கார் போனது. அர்ச்சுனன் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கிய பட்டமளிப்புப் படங்களை ஒரு நோட்டம் விட்டான். "எல்லாப் படத்துலயும் சாரு மட்டும்தான் சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்பெல்லாம் அங்கேயே தீந்துபோச்சு போல."

"வாய மூடிட்டு வேலையைப் பாரு. பக்கத்து வீட்டுலேருந்து யாராவது வைஃபையைத் திருடறாங்களா?"

"வாய்ப்பில்லக்கா. சிக்னல் கொழுகொழுன்னு இருக்கு. இது வீட்டுக்குள்ளேயே உக்காந்து காலாட்டிக்கிட்டு இருக்கு."

அடுப்படியில் செல்லாயி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அழுத கண்ணாக இல்லை. இவர்களைப் பார்த்து எழுந்தார், ஆனால் கீரையைக் கீழே வைக்கவில்லை.

"தேடிக்கங்க," என்றார். "பையையும் அவுத்துப் பாத்துக்கங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா போலீஸ்ல பேரு வந்த பொம்பளைய நாளைக்கு எவன் வீட்டுக்குள்ள விடுவான்? எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலதான் தங்கச்சி. சீக்காளியத் தூக்கறது, துடைக்கறது. அதுக்கு நம்பிக்கதான் சர்ட்டிபிகேட்டு."

"உங்க ஃபோனுக்கு இன்டர்நெட் எப்படிக்கா?"

"நானே டாப்-அப் போட்டுக்குவேன். பேத்தி மொகத்தப் பாக்கணும்ல. ஒரு தடவ சார்கிட்ட வைஃபை கேட்டேன். அவரு பதிலே சொல்லல. போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்."

அடுப்படிக்குப் பின்னால் இருந்த அவருடைய அறைக்குள் அர்ச்சுனன் போனான். சாமான் வைக்கவும் உடை மாற்றவும் மட்டும் அவர் பயன்படுத்தும் அறை. போன வேகத்திலேயே வெளியே வந்தான். கையில் சிகரெட் பெட்டி அளவில் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி. மேலே சின்னக் கேமராவின் படம், உள்ளே மடித்த விளக்கத் தாள், கேமரா மட்டும் இல்லை.

"கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. கேஸு முடிஞ்சுதுக்கா. நம்ம ஆபீஸ் கீழ போயி கோப்பி குடிப்போமா?"

செல்லாயி கீரையைக் கீழே வைத்தார். "சாமி சத்தியமா இத நான் பாத்ததே இல்ல."

கலாதேவி அறைக்குள் போய்க் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். தரை பளிங்காக இருந்தது. மூலையில்கூட ஒரு நூலாம்படை இல்லை. சுவரோரம் செருப்புகூட அளவெடுத்தது போல ஜோடியாக நின்றது.

"எங்க இருந்துச்சு?"

"நட்ட நடுவுல. விருந்தாளிக்கு இலை போட்ட மாதிரி."

"தினமும் ரெண்டு வேள கட்டிலுக்கு அடியில கூட்டறவங்க, களவு வேலைக்கு வாங்கின டப்பாவை அங்கேயே வச்சுப் பொங்கலா கொண்டாடுவாங்க? வாசல்ல குப்பை லாரி வருது. தூக்கிப் போட ஒரு நிமிஷம் ஆவாது." கலாதேவி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "பொய் சொல்லட்டும், நான் குறை சொல்லல. ஆனா கொஞ்சமாவது உழைச்சுப் பொய் சொல்லணும். இதென்ன சோம்பேறித்தனம்?"

இன்சூரன்ஸ் காலத்திலிருந்தே அவளுக்குப் பொய்யைவிடப் பொய்யில் இருக்கும் அலட்சியம்தான் எரிச்சல் தரும். எதிரே இருப்பவனுக்கு மூளையே இல்லை என்று தீர்மானித்துவிட்டுச் சொல்லப்படும் பொய் அது.

"அக்கா, நீங்க எப்பவும்போல வீட்டு வேலையப் பாருங்க," என்று செல்லாயியிடம் சொன்னாள். "ஒவ்வொரு அறையா போயிட்டு வாங்க. அர்ச்சுனா, நீ அந்தப் பேரில்லாதவனைப் பாரு. எப்ப பேசறான், எப்ப சும்மா இருக்கான்னு சொல்லு."

அர்ச்சுனன் கணினியை மடியில் வைத்துக்கொண்டான். திரையில் அந்தக் கருவி அனுப்பும் தகவல் ஒரு கோடாக ஓடியது. செல்லாயி கூடத்தைப் பெருக்கினார். கோடு தரையோடு படுத்திருந்தது. சாமி அறைக்குப் போனார். அசைவில்லை. மாடிப்படியைத் துடைத்தார். அப்போதும் அது தூங்கியது. தலையணை உறையை எடுத்துக்கொண்டு புனிதவதியின் அறைக்குள் நுழைந்ததும், கோடு துள்ளி எழுந்து நின்றது.

"ஆளு நடமாட்டம் தெரிஞ்சா மட்டும் முழிச்சுக்கற கேமராக்கா," என்றான் அர்ச்சுனன் மெல்ல. "பெரியம்மா ரூம்புல இருக்கு."

கலாதேவி உதட்டில் விரலை வைத்தாள். கேமராவுக்குக் காதும் இருக்கலாம்.

புனிதவதி சன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே, வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை வெளுத்துத் தெரிந்தது. கண்ணாடிக்கு மேலாக இவர்களைப் பார்த்தார். தாமதமாக வந்த மாணவர்களைப் பார்க்கும் பார்வை. பேச்சு யாழ்ப்பாணத் தமிழ்.

"மகன் கூப்பிட்ட ஆக்களோ? பாருங்கோ. அலுமாரியைக் குழப்பாமல் பாருங்கோ."

கலாதேவி அலமாரியைத் தொடவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், மருந்து மேசை, சுவரில் கடிகாரம். அவள் முழங்கையில் ஏதோ கடித்தது. தட்டினாள். கொசு. புனிதவதியின் புறங்கையிலும் இரண்டு சிவந்த தடிப்புகள் இருந்தன. கட்டிலுக்குக் கீழே ஒரு தகரத் தட்டு, அதில் கொசுவர்த்திச் சாம்பல் வளையம் வளையமாக உதிர்ந்து கிடந்தது.

மருந்து மேசைக்கு மேலே இருந்த பிளக்கில் மின்சாரக் கொசு விரட்டி ஒன்று செருகியிருந்தது. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அடியில் திரவப் புட்டி, கழுத்து வரை நிறைந்திருந்தது.

"இது எப்பவும் எரியுமா?" என்று செல்லாயியிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"அதத் தொடக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு. டாக்டர் சொன்னாராம். ஆனா ஒரு கொசுவும் சாவல. நான் சுருள்தான் கொளுத்தறேன்."

"புட்டி மாத்துவீங்களா?"

"மாத்துனதே இல்லையே. மாசக்கணக்கா தீரவே இல்ல."

மாதக்கணக்கில் இரவு பகலாக எரிந்தும் ஒரு சொட்டுக் குறையாத மருந்து. கொசுவையே விரட்டாத கொசு விரட்டி. அட்டைப்பெட்டி வைத்த அதே சோம்பேறியின் கைவரிசை என்று கலாதேவிக்குத் தோன்றியது. அவள் முகத்தைக் காட்டாமல் திரும்பியபோது புனிதவதி பேப்பரை மடியில் போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேட வந்ததைத் தேடுங்கோ, பிள்ளை," என்றார். "எல்லாத்தையும் தேடவேண்டாம்."

அப்போது கலாதேவிக்கு அதன் பொருள் விளங்கவில்லை. வயதானவர்களின் அதட்டல் என்று எடுத்துக்கொண்டாள்.

அர்ச்சுனனை வெளியே ரம்புத்தான் மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"அந்தக் கொசு விரட்டிதான்க்கா. உடைச்சுக் காட்டட்டுமா?"

"உடைச்சா என்ன தெரியும்? கேமரான்னு தெரியும். யாருதுன்னு தெரியாது. டப்பா செல்லாயி ரூம்ல இருக்கு, சாரு சட்டம் பேசுவாரு. யாரு பாக்கறாங்கன்னு தெரியணும்." அவள் மரத்தில் சாய்ந்தாள். "அதுக்கு மட்டும் நெட்டை நிறுத்த முடியுமா?"

"ஒரு பட்டன். எல்லாருக்கும் சாப்பாடு, அவனுக்கு மட்டும் பட்டினி."

"போடு பட்டினி. புள்ள பட்டினி கிடந்தா யாரு ஓடி வராங்களோ, அவங்கதான் ஆத்தா."

அர்ச்சுனன் பட்டனை அழுத்தினான். இருவரும் மரத்தடியில் நின்றார்கள். பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் வந்து மோந்துவிட்டுப் போனது. அடுப்படிச் சன்னல் வழியே, செல்லாயியின் ஃபோன் மேடைமேல் கிடப்பது தெரிந்தது. அது அசையவில்லை. அவர் பாட்டுக்குக் கீரையைத் தாளித்துக்கொண்டிருந்தார்.

கலாதேவியின் கைப்பேசி அடித்தது. முகுந்தன்.

"வீட்டுல கரண்ட் போயிடுச்சா?" என்றார், எடுத்த எடுப்பில்.

"இருக்கே சார். ஃபேன் ஓடுது. ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, மழை வர்ற மாதிரி இருந்துச்சு. மழைன்னா அங்க கரண்ட் போகும். சும்மா கேட்டேன்."

கலாதேவி நிமிர்ந்து பார்த்தாள். வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. "டப்பா ஒண்ணு கிடைச்சிருக்கு சார். வாங்க, பேசலாம்."

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல. இப்ப வர்றேன்."

இப்போது என்றால் இப்போதேதான். ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு, கொசு விரட்டியைப் பிடுங்கி வந்து அவர்கள் கூடத்தில் உட்காரும்போதே வாசலில் கார் நின்றது. அடுத்த தெருக் கடையில் உட்கார்ந்திருந்தால்தான் அத்தனை சீக்கிரம் வர முடியும்.

"கோலா கங்சார்லேருந்து பறந்தா வந்தீங்க, சார்?" என்றான் அர்ச்சுனன், மிகுந்த மரியாதையுடன்.

முகுந்தன் அவனைப் பொருட்படுத்தவில்லை. மேசைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த கொசு விரட்டியைப் பார்த்ததும் மலர்ச்சி பாதியில் நின்றது. அர்ச்சுனன் அதன் முகப்பைக் கழற்றி வைத்திருந்தான். விளக்குக்குக் கீழே, மிளகளவில் ஒரு கண்ணாடிக் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"செல்லாயி ரூம்ல டப்பா, அம்மா ரூம்ல கேமரா," என்றார் முகுந்தன், சுதாரித்துக்கொண்டு. "வேற என்ன வேணும்? எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"எழுதறேன் சார். ஒரு விஷயம் மட்டும் இடிக்குது, அதைத் தீத்துக் குடுங்க." கலாதேவி குரலை உயர்த்தவில்லை. "இந்தச் சாமான் தானா போயி வைஃபைல சேந்துக்காது. யாராவது அதுக்குப் பாஸ்வர்டை ஊட்டணும். அது தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல ஒருத்தர்தான்னு நீங்களே சொன்னீங்க. அம்மாவுக்கே தெரியாதுன்னீங்க. வேலைக்காரிக்கு எதுக்குன்னு கேட்டீங்க. அவ்வளவு பெருமையா சொன்னதை நான் எப்படி மறப்பேன்?"

முகுந்தன் வெள்ளைப் பெட்டியை மேசையோரத்துக்குத் தள்ளினார்.

"இந்தக் கேமராவோட நெட்டை மட்டும் நாங்க நிறுத்தினோம். இந்த வீட்டுல யாருக்கும் தெரியல. அடுத்த தெருவுல இருந்த உங்களுக்கு மட்டும் இருட்டிப்போச்சு."

"சரி, வச்சேன்," என்றார் முகுந்தன். "எங்க அம்மா. எங்க வீடு. அம்மாவோட பாதுகாப்புக்காக வச்சேன். இதுல என்ன குத்தம்?"

"பாதுகாப்புக்குன்னா டப்பா ஏன் செல்லாயி கட்டிலுக்கு அடியில போச்சு?"

"அதை நான் சொல்லுறன்."

நடைச்சட்டம் தரையில் தட்டும் ஓசையோடு புனிதவதி கூடத்துக்கு வந்தார். அவருக்குப் பின்னால் செல்லாயி, விழுந்துவிடாமல் பிடிக்கத் தயாராகக் கையை நீட்டியபடி.

"கோலாலம்பூரில முதியோர் இல்லம் ஒண்டு பாத்து வச்சிருக்கிறான். என்னை அங்க விட்டிட்டு இந்த வீட்டை விக்கப் போறானாம். செல்லாயி இருக்குமட்டும் நான் அசையமாட்டன் எண்டு சொன்னனான். அதுதான் செல்லாயியை அசைக்கப் பாத்தவன்." அவர் மகனைப் பார்த்தார். "வழக்கில வெல்லுறதுக்குப் பொய்ச் சாட்சி தயாரிக்கிறதுதானோ நீ படிச்ச படிப்பு?"

"அம்மா, நான் உங்களுக்காகத்தான்..."

"அந்தக் கமராவும் எனக்குத் தெரியும்."

கலாதேவி தலையை உயர்த்தினாள்.

"வச்ச கொஞ்ச நாளையிலயே தெரியும். 'ஏனம்மா இன்னும் லைட் எரியுது' எண்டு இஞ்ச இருந்து பாத்தவன்போலக் கேட்டான். பிறகு மருந்து குடிக்கேல்லை எண்டு போன் பண்ணினான். எனக்கு விளங்கீற்றுது. நான் ஒண்டும் சொல்லேல்லை." அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "தீபாவளிக்கு மட்டும் வாறவன். அதுக்குள்ளாலயாவது என்னை நாளும் பொழுதும் பாக்கிறான் எண்டு விட்டிட்டன். சில நாள் அதைப் பாத்துக் கதைச்சும் இருக்கிறன்."

முகுந்தன் தரையைப் பார்த்தார். கலாதேவி, கேஸ் முடிந்தது, மகன் கையும் களவுமாக மாட்டினான், தாய் வென்றாள் என்று மனதுக்குள் கோடு போட்டுக்கொண்டாள். இனி அந்த வக்கீலை எந்த வார்த்தையால் கடைசியாகக் குத்தலாம் என்பதில்தான் அவள் புத்தி இருந்தது. அப்போது செல்லாயி பேசினார்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

புனிதவதி திரும்பினார்.

"ராத்திரி நான் அந்த ரூம்புலதான் படுக்கறேன்," என்றார் செல்லாயி. சத்தம் போடவில்லை. யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோலப் பேசினார். "உங்களக் குளிப்பாட்டிட்டு ஈரச் சேலைய அங்கதான் மாத்துவேன், உங்கள விட்டுட்டு நகர முடியாதுன்னு. காய்ச்சல் வந்தப்ப அங்கதான் கிடந்தேன். எம் மவ செத்த நாளு நெனப்பு வந்து அழுதது அந்தப் பாயிலதான். அவரு உங்க மவன், உங்களப் பாத்தாரு, நீங்க விட்டுட்டீங்க. என்னயப் பாக்க அவரு யாரு? என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அந்த அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள் என்பது புனிதவதிக்கு இப்போதுதான் புலப்பட்டது போலிருந்தது.

கலாதேவிக்கும் அப்போதுதான் புலப்பட்டது. பாஸ்வர்டைக் கண்டுபிடித்தவள், கொசுவை வைத்துக் கேமராவைக் கண்டுபிடித்தவள். அந்தக் கண்ணாடிக் கண்ணுக்கு முன்னால் யார் உடை மாற்றியிருப்பார்கள் என்று ஒரு தரம்கூட எண்ணிப் பார்க்கவில்லை. முகுந்தன்மேல் எறிய வைத்திருந்த கடைசி வார்த்தையை அவள் விழுங்கினாள். கசந்தது.

"செல்லாயி, இரு," என்றார் புனிதவதி. "அவனை நான் அனுப்புறன். நீ போகாதை."

"சோறு ஆக்கிட்டேன். கீரை இருக்கு. மத்தியான மருந்து நீலக் கிண்ணத்துல எடுத்து வச்சிருக்கேன்." செல்லாயி நடைச்சட்டத்தை நாற்காலிப் பக்கமாகத் திருப்பி, அம்மாவைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார். முந்தானையைச் சரிசெய்துவிட்டார். பிறகுதான் கையை எடுத்தார். "சாரு பாத்துக்குவாரு. உங்கள எப்படித் தூக்கணும், எப்படித் துடைக்கணும்னு தினமும் பாத்து வச்சிருப்பாரே."

முகுந்தன் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். பணம் என்ற சொல் காதில் விழுந்தது. செல்லாயி அவர் நின்ற பக்கமே திரும்பவில்லை.

காரை அர்ச்சுனன் ஓட்டினான். பின் இருக்கையில், வாசலில் கிடந்த பூப்போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு செல்லாயி உட்கார்ந்திருந்தார்.

"சுங்காய்க்குப் பஸ் ஏத்தி விடட்டுமாக்கா?" என்றாள் கலாதேவி.

"அந்தச் சாமான் எங்க தங்கச்சி?"

கலாதேவி கைப்பையிலிருந்து கொசு விரட்டியை எடுத்துப் பின்னால் நீட்டினாள். புறப்படும்போது அவள் அதை எடுத்துக்கொண்டதை முகுந்தன் பார்த்திருந்தார். தடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. செல்லாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நான் இருக்கேனா, தம்பி?"

"இதுக்குள்ள கொஞ்சம் இருக்கும்க்கா," என்றான் அர்ச்சுனன், கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி. "மிச்சம் அவரு ஃபோன்ல இருக்கும்."

"அழிக்க முடியுமா?"

"இதுல இருக்கறத நானே அழிச்சுக் குடுப்பேன். ஆனா இப்ப அழிக்கக்கூடாது, அதான் சாட்சி. அவரு ஃபோன்ல இருக்கறத நம்மளால தொட முடியாது. போலீஸ் வாங்கிப் பாத்தாத்தான் உண்டு."

செல்லாயி அதை மடியிலிருந்த பையின்மேல் வைத்தார். "அவங்ககிட்ட இதக் குடுத்தா, அவங்களும் பாப்பாங்கல்ல?"

அர்ச்சுனன் கலாதேவியைப் பார்த்தான். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"பாப்பாங்கக்கா. பொம்பளப் போலீஸ்தான் பாக்கணும்னு கேக்கலாம். நான் கூட நின்னு கேக்கறேன். என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதி நான் கையெழுத்தும் போட்டுத் தரேன். ஆனா அவரு வக்கீலு. சும்மா விடமாட்டாரு. இழுக்கும்."

"இழுக்கட்டும்," என்றார் செல்லாயி. "போலீஸ் பாலாய்க்கு விடு தம்பி."

அர்ச்சுனன் வண்டியைத் திருப்பினான்.

காவல் நிலையத்தில் கூட்டம் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த இளம் கான்ஸ்டபிள் மூவரையும் பார்த்தார். செருப்புத் தேய்ந்த செல்லாயியைக் கடந்து, வயிறு தள்ளிய அர்ச்சுனனைக் கடந்து, கைப்பையும் கண்ணாடியுமாக நின்ற கலாதேவியிடம் அவர் பார்வை வந்து நின்றது. புகார் கொடுப்பது யார் என்று மலாயில் அவளிடம்தான் கேட்டார்.

கலாதேவி ஒரு அடி பின்னால் நகர்ந்து வழிவிட்டாள்.

செல்லாயி முன்னால் போய், கொசு விரட்டியை மேசைமேல் வைத்தார்.

"சாயா," என்றார் மலாயில். நான்.